இணையம் இல்லாத அறைக்கு ஒரு பொட்டலம்

அலுவலகத்தில் அவருக்குப் பொட்டலக்கா என்று பெயர். பல மருந்துக் கிடங்குகள் சேர்ந்து நடத்தும் பிளாக்செயின் பதிவேட்டில், சரக்கு எப்போது கைமாறலாம் என்ற விதிகள் ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்னும் நிரலாக இருக்கும். அதைக் கிடங்கின் சர்வர் அறையில் நிறுவ வேண்டும். கிடங்குகளை ஒன்றோடொன்று இணைக்கும் தனிக் கம்பியைத் தவிர அந்த அறைக்கு இணையம் கிடையாது; கைபேசியைக்கூட வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆகவே அந்த நிரலுக்குத் தேவையான, பிறர் எழுதிய துணை நிரல்களையும் ஒன்று விடாமல் சேர்த்து, ஒரே கோப்பாகப் பொட்டலம் கட்டி, பென்டிரைவில் கொண்டுபோக வேண்டும். ஆறு வருடமாக இதுதான் அவர் பிழைப்பு.

போன வாரம் மூக்குடைந்து திரும்பினார். அலுவலகத்தில் இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டுச் சோதித்தபோது நிரல் சமர்த்தாக ஓடியது. அங்கே போனதும், ஒரு துணை நிரலைக் காணோம் என்று கையை விரித்தது.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆளப் பார்த்துக்குவேன்," என்றார் மேலாளர். பொட்டலத்துக்குள் என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. மிரட்ட அது தெரிய வேண்டியதில்லை.

மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் பொட்டலக்காவுக்கு உறைத்தது. கம்பியைப் பிடுங்கி என்ன பயன்? எப்போதோ இறக்கிய துணை நிரல்களை அவருடைய கணினி ஒரு மூலையில் பதுக்கி வைத்திருந்தது. பொட்டலத்தில் இல்லாததை அங்கிருந்து எடுத்துப்போட்டு அப்போதைக்கு மானத்தைக் காப்பாற்றிவிட்டது. வயிறு நிறைந்தவனிடம் போய்ப் பசியைப் பற்றிக் கேட்ட கதைதான்.

வீட்டில் கணவரின் பழைய கணினி இருந்தது. சீட்டாட்டத்தைத் தவிர வேறெதையும் அது கண்டதில்லை.

"உங்க கம்ப்யூட்டரக் கொஞ்சம் குடுங்க."

"அதுல என்ன இருக்கு?"

"ஒண்ணுமே இல்ல. அதுக்குத்தான் கேக்கறேன்."

"அதையும் குத்திக்காட்டாம கேக்க மாட்டியே!"

நிரலை ஓட்டும் கருவியை மட்டும் அதில் ஏற்றி, இணையத்தைத் துண்டித்து ஓட்டிப் பார்த்தார். ஒன்றல்ல, மூன்று துணை நிரல்கள் இல்லை. மூன்றையும் சேர்த்துப் புதிதாகக் கட்டினார்.

மறுநாள் காலை, சர்வர் அறையில் நான்கே நிமிடத்தில் வேலை முடிந்தது. பிழை என்று ஒரு வரிகூட வரவில்லை. வேலை முடிந்ததென்று அறைப் பொறுப்பாளர் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பொட்டலக்காவுக்கு மனசு குளிர்ந்தது.

வெளியே வந்தால், வராந்தா பெஞ்சில் மேலாளர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், மடியில் கணினிப் பையோடு, முன்பின் தெரியாத ஒருவர். தாளில் கையெழுத்தைப் பார்த்ததும் மேலாளர் அந்த ஆளிடம் திரும்பினார்.

"சரிங்க, நீங்க கெளம்பலாம். தேவைப்பட்டா கூப்பிடறேன்."

அந்த ஆள் எழுந்து, பொட்டலக்காவைப் பார்த்துச் சங்கடமாகத் தலையசைத்துவிட்டுப் போனார். தோற்றிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. மேலாளர் அவருக்காகக் கார்க் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார். பொட்டலக்கா பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.