கடனில்லாமல் வாங்கிய முகூர்த்தப் புடவை

அன்று ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: ஆவடியிலிருந்து வந்த என் நாத்தனார், அவர் கணவர், கல்யாணம் நிச்சயமாகியிருந்த அவர்கள் மகள், அவர்கள் வந்த காரின் டிரைவர், என் வீட்டுக்காரர், என் மகள், நான். ஏழு பேருக்கு ஒரு ஹால், ஒரு ஃபேன். ஃபேனுக்கு நேர் கீழே நாத்தனார் உட்கார்ந்திருந்தார்.

டோல்கேட்டுக்குக் காசு அழக்கூடாதென்று உள்வழியாகச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். மிச்சமான காசைவிட டீசல் அதிகம் போயிருக்கும். ஆனால் காரும் டீசலும் யாரோ நண்பருடையது, ஆகவே அது செலவே இல்லை. எங்கள் சொந்தத்தில் நாத்தனாருக்குச் சிக்கனத்தில் பெரிய பெயர். ஷாம்பு பாக்கெட்டைக் கத்தரித்து, தண்ணீர் விட்டு அலசி, இன்னொரு தலைக்கு ஊற்றுவார். ஃபோனில் சிக்கன வீடியோ பார்த்து எல்லாருக்கும் அனுப்புவார். அனுப்புவதற்கு எங்கள் வீட்டு வைஃபை கிடைத்தால் ரொம்ப நல்லது.

நான் சிக்கனக்காரி இல்லை, பயந்தாங்கொள்ளி. காசு மிச்சமானால் அவருக்குச் சந்தோஷம் வரும். எனக்கோ, இது எதில் போய் விழப்போகிறதோ என்று பயம் வரும். அந்த வாரம் பயந்ததற்குக் காரணமும் இருந்தது. மகளின் காலேஜ் பீஸ் கட்ட மறுநாள்தான் கடைசி நாள். கட்டாவிட்டால் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் கிடையாது. பட்டுப்புடவை முந்தானையில் குச்சு கட்டுவது என் வேலை. மாசக்கணக்கில் கட்டிச் சேர்த்த பன்னிரண்டாயிரம் பேங்கில் இருந்தது. கடைசிக் கூலி சனிக்கிழமைதான் வந்திருந்தது. அதை யாரும் எடுத்துவிடவில்லையே என்று ஃபோனைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

"ஓட்டல்ல துன்னா ஆளுக்கு நூறு ரூபா புடுங்கிடுவான்மா" என்றார் நாத்தனார், ஐந்தாவது இட்லிக்குத் தட்டை நீட்டியபடி. அவர் கணவர் சமையல்கட்டுப் பக்கம் பார்த்து, "ஞாயித்துக்கிழம வேற" என்று மட்டும் சொன்னார். மட்டன் வாங்கிய காசை இங்கே எழுதினால் அற்பமாகத் தெரியும். ஒரு கிலோ.

வந்த காரியம் புடவை. கடையில் இருபதாயிரம் என்றால் தறியில் பத்தாயிரம் என்பது அவர் கணக்கு. காஞ்சிபுரத்தில் சொந்தம் வைத்திருக்கிற எல்லாரும் போடுகிற கணக்குதான். மடியில் பத்தாயிரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நாத்தனாரும் அவ்வளவுதான் கொண்டுவந்திருந்தார். இரண்டு தெரு தள்ளி, எனக்குக் குச்சு வேலை கொடுக்கிற நெசவாளி வீட்டுக்கு அழைத்துப் போனேன். பெண் ஒரு அரக்குப் புடவையை மடியில் வைத்துக்கொண்டு விடவே இல்லை. இருபத்திரண்டாயிரம் என்றார் நெசவாளி.

"தறியிலயேவா?" என்றார் நாத்தனார், தறி தன்னை ஏமாற்றிவிட்டதைப் போல.

"ஜரி விக்கற வெலைக்கு இதுக்குக் கீழ எறங்க முடியாதுமா."

அரைமணி நேரம் பேசியும் அவர் இறங்கவில்லை. அப்போது நாத்தனாருக்கு ஒரு யோசனை வந்தது.

"குச்சு கட்டற கூலி எவ்ளோ?"

"ஐந்நூறு."

"அத நம்ம பொண்ணே கட்டிடும். ஐந்நூற கழிச்சிக்க."

நம்ம பொண்ணு என்றது என்னை. நெசவாளி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். இப்படியாக என் கூலியில் ஐந்நூறு ரூபாயை நாத்தனார் மிச்சப்படுத்தினார்.

இன்னும் பதினோராயிரத்து ஐந்நூறு குறைந்தது. நெசவாளி நல்ல மனுஷன். "இருக்கறத குடுத்துட்டு எடுத்துக்கினு போங்கமா. மீதிய அடுத்த மாசம் குடுங்க. இவங்க இருக்காங்கல்ல" என்றார்.

நாத்தனார் காதில் கை வைத்துக்கொண்டார். "ஐயே, முகூர்த்தப் பொடவைய கடனுக்கு வாங்குவாங்களா? கட்டிக்கினு மணையில உக்கார்ற பொடவைபா. வாழ்நாள் பூரா கடன்லயே கெடக்கும் பொண்ணு."

அந்த வழக்கம் எங்களிடம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சொல்லி முடித்ததும் அவர் திரும்பியது என் பக்கம். அதற்குள் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்துவிட்டார். "பாப்பாவுக்குக் கட்டற பணம் இவகிட்ட இருக்குதுக்கா."

"நாளைக்குக் கடைசி நாள் அண்ணி" என்றேன்.

"நாளைக்குக் காலையிலேயே ஃபோன்ல போட்டு உட்டுடறேன்மா."

"அப்போ எங்கிட்ட வாங்கறது மட்டும் கடனில்லையா அண்ணி?"

"நீ இன்னா வெளியாளா? குடும்பத்துக்குள்ள கைமாத்து அது. கடன்ல சேராது."

எட்டாவதோடு நின்றவள் நான். இந்தக் கணக்கை எட்டாவதுவரை சொல்லித்தரவில்லை. எனக்கு வேலை கொடுக்கிறவர் வீட்டில் நின்று சண்டை போடவும் பயம். நாளைக்கு அந்தப் பெண்ணுக்கு ஒரு தலைவலி வந்தாலும் நான் பணம் தராததுதான் காரணம் என்பார்களே, அந்தப் பயம் வேறு. நெசவாளிக்கு ஃபோனில் அனுப்பினேன். என் கணக்கில் ஐந்நூறு ரூபாய் நின்றது.

திங்கட்கிழமை காலை பணம் வரவில்லை. பத்து மணிக்கு நானே கூப்பிட்டேன். "சர்வர் படுத்துக்குச்சிமா" என்றார். பதினோரு மணிக்குக் கம்மலைக் கழற்றி அடகுக்கடையில் வைத்து, காலேஜுக்குப் போய்ப் பீஸ் கட்டினோம். ரசீதை வாங்கிக்கொண்டு மகள் என் காதைப் பார்த்தாள். "அத்தை அனுப்பின சிக்கன வீடியோவுல இது எத்தினாவது டிப்ஸுமா?" என்று கேட்டாள். கண்ட இடத்தில் உளறிவிடும் அவள் அப்பா வாய் அவளுக்கு இல்லை. அது ஒரு ஆறுதல்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. பந்தியில் நாத்தனார் பக்கத்து இலைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஒத்த பைசா கடனில்லாம வாங்கின பொடவை, அதுவும் தறி வெலைக்கு." முந்தானையில் என் குச்சு ஆடிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் இரண்டாயிரம் மொய் எழுதப் போனபோது அவர் அக்கா தடுத்தார். "எழுதாத, அந்த ரெண்டாயிரத்த கைமாத்துல கழிச்சிக்கலாம்." சரி, அதுவாவது திரும்பியதே என்று நானும் சும்மா இருந்தேன். பிறகு ஒரு நாள், கேட்காமலேயே ஆயிரத்து ஐந்நூறு ஃபோனில் வந்தது. கூடவே ஒரு செய்தி: கல்யாணத்தில் எனக்கு வைத்துக்கொடுத்த புடவை எண்ணூறு ரூபாயாம், அதையும் கழித்துக்கொள்ள வேண்டுமாம். அந்தப் புடவையை ஒருமுறை துவைத்தேன். அதற்குப் பிறகு தரை துடைக்கத்தான் ஆகிறது.

கம்மல் இன்னும் கடையில்தான் இருக்கிறது. அதன் வட்டியை மாசாமாசம் குச்சுக் கூலியிலிருந்து கட்டிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் மறுபடி கேட்டதற்கு, "குடும்பத்துக்குள்ள இன்னாமா கணக்கு" என்றார் நாத்தனார். ஆனால் அவரிடமும் ஒரு கணக்கு இருக்கத்தான் செய்கிறது. அதன்படி பாக்கி ஏழாயிரத்து இருநூறு. என் கணக்குப்படி, வட்டியை விட்டுவிட்டாலும், குச்சுக் கூலியோடு சேர்த்து எட்டாயிரத்து ஐந்நூறு.