மடியில் தூங்கிய நாயும் இரண்டு மாலைகளும்

புத்தூரிலிருந்து திருப்பதி போகும் ஷேர் ஆட்டோவில் அவர் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். பட்டு வேட்டி, மடியில் இரண்டு கல்யாண மாலைகள் வைத்த பை. ஊசி போட நான் கொண்டுபோன நாய், லாரி ஹாரன் கேட்கும்போதெல்லாம் நடுங்கியது. நான் அதன் தலையைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.

"தலைல தட்டாதீங்க சார். இன்னும் பயப்படும்."

மாலைப் பையைக் கீழே வைத்துவிட்டுப் புறங்கையை மோப்பம் பிடிக்கக் கொடுத்தார். பிறகு நாயை மடியில் வாங்கி, காதை அடியிலிருந்து நுனிவரை கட்டைவிரலால் மெல்ல நீவினார். கொஞ்ச நேரத்தில் அது குறட்டை விட்டது.

கல்யாணத்துக்கு அவர் இறங்கவேண்டிய வடமாலபேட்டை வந்தது. இறங்கவில்லை. போன் அடித்தது. "மாலை எங்கடா?" என்று யாரோ கத்தியது எனக்கே கேட்டது.

"வந்துக்கினே இருக்கேன் மாமா," என்று கிசுகிசுத்தார். என்னிடம், "தூங்கிக்கினு இருக்குதே சார், எப்டி எழுப்பறது?" என்றார்.

நான் நாயை வாங்கிக்கொண்டிருக்கலாம். எனக்கும் மனசு வரவில்லை.

திருப்பதி கால்நடை ஆஸ்பத்திரியில் நாயை அவர் மடியிலேயே வைத்து ஊசி போட்டார்கள். அது ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. வடமாலபேட்டையில் அன்றைக்கு எந்த மாலையை மாற்றிக்கொண்டார்களோ, எனக்கு இன்றுவரை தெரியாது.