புரதத்தை எங்கே வெட்டுவது

வாசகரே, தீர்ப்பு வேண்டாம். சாட்சியாக உடனிருந்தால் போதும். மலேசியாவின் சுங்கை பட்டாணியில் நாங்கள் பயின்ற ஆய்வகத்தில், முடிவெடுக்கத் திணறினால் பட்டிமன்றம் வைப்போம். நான், என் தோழன், எங்களுக்கு மூத்த மாணவியான அக்கா, மூவருமே பள்ளி மேடைகளில் வளர்ந்தவர்கள். குலுக்கி எடுக்கும் சீட்டில் வரும் பக்கத்தைத்தான் பேச வேண்டும். எப்பக்கம் வந்தாலும் வெல்பவன் நான். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

அன்றைய வழக்கு, பக்கத்து ஊரான பாடாங் மேஹாவிலிருந்து வரும் அக்காவின் முதுகலை ஆய்வு. ரப்பர் பாலிலுள்ள ஒரு புரதம் அவருக்குக் கரைந்த நிலையில் வேண்டும். முழுதாகத் தயாரித்தபோதெல்லாம் அது திரண்டு அடியில் படிந்துவிட்டது. புரதச் சங்கிலியில் தானாகவே மடிந்து நிற்கும் பகுதியை டொமேன் என்போம். அதை மட்டும் வெட்டியெடுத்தால் கரையக்கூடும். உறவுப் புரதங்களின் வரிசைகளை ஒப்பிட்ட கணினி நிரல், நடுவில் எல்லை போட்டு இரண்டு டொமேன் என்றது. முப்பரிமாண வடிவத்தை ஆராய்ந்த நிரலோ ஒன்றே என்றது. அந்தப் பகுதியைத் தயாரிக்கத் தேவையான மரபணுத் துண்டை வாங்க அக்காவிடம் இன்னும் ஒருமுறைக்குத்தான் பணம் இருந்தது. தவறினால் ஆய்வு அதோடு முடிந்தது.

எனக்கு ‘இரண்டு’ என்ற சீட்டு வந்தது.

முந்தைய நாளே வடிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருந்தேன். சங்கிலியின் கடைசி இழை வளைந்து வந்து முதற்பாதிக்குள் செருகிக்கொண்டிருந்தது. நடுவில் வெட்டினால் முதற்பாதி நிலைக்காது. ஆயினும் முழங்கினேன்: “உறவினர் அத்தனை பேரும் தனித்தனியே நிற்கையில், இது மட்டும் கூட்டுக்குடும்பமா?”

“அடோய், இவன்கிட்ட வாய் குடுக்க முடியாது லா,” என்று எதிரணித் தோழன் கையைத் தூக்கினான்.

அக்கா சிரித்தார். “தம்பி இவ்ளோ அடிச்சுப் பேசுறான்னா பாத்துட்டுத்தான் பேசுவான். இப்பவே ஆர்டர் போட்டுடுறேன்.”

அவர் கை மவுஸைத் தொட்டது.

“நிறுத்துங்கக்கா. அது ரெண்டு இல்ல.”

“அப்ப ஏன்டா அவ்ளோ நேரம் பேசுனே?”

“சீட்டு அப்படி வந்துச்சு.”

“நீ நம்பித்தான் பேசுறேன்னு நெனச்சேன் லா,” என்றார் அக்கா.

அந்த இழையைத் திரையில் காட்டினேன். சிரிப்பு போன முகத்தோடு அக்கா வடிவத்தைச் சுழற்றிப் பார்த்தார். “அப்ப நான் எங்கதான் வெட்டுறது, தம்பி?”

தோழன் சீட்டுகளைக் கசக்கிக் குப்பையில் போட்டான். எழுந்து நின்றேன்; மேடைக்குரல் வரவில்லை.

“நான் நம்பாத எல்லைக்காக இந்த ரூம்ல இனி வாதாட மாட்டேன்கா. வழி தெரியுற வரைக்கும் ஒங்ககூடவே உக்காந்து பாக்குறேன்.”