எட்டுப் பெட்டியும் ஒரு சாமான் வண்டியும்

ரயில் இஞ்சின் ஷெட்டில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'முடியாதம்மா' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். பதினெட்டு வயதில் இஞ்சின் துடைக்கும் வேலைக்கு வந்தவளிடம், "ஓட்டறதெல்லாம் உனக்கு ஆகாதும்மா, ஆபீஸ்ல ஃபைல் அடுக்கற வேலை வாங்கித் தர்றேன், போறியா?" என்று மேஸ்திரி நல்ல மனசோடுதான் கேட்டார். "முடியாது" என்றாள். அன்று ஒட்டிக்கொண்ட பெயர். டிரைவர் பரீட்சை எழுத வந்தவளை வாசலோடு திரும்பிப் போகச் சொன்னபோது முடியாது என்றாள். பரீட்சையில் தேறிய பிறகு சரக்கு வண்டி மட்டும்தான் தருவோம் என்றார்கள்; அதற்கும் அதே பதில். இருபத்திரண்டு வருஷம் டீசல் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றாள். இனிமேலாவது வீட்டில் காலை நீட்டி உட்கார் என்றார்கள். அதற்கு அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று தனியாக எழுத வேண்டியதில்லை.

அந்தச் சமயம் பார்த்து, ஷெட்டின் பின்பக்கம் கண்காட்சிப் பொருளாக நின்றுகொண்டிருந்த நீராவி இஞ்சினை, விடுமுறை நாள் உல்லாசப் பயணத்துக்காக மறுபடி ஓட வைத்தார்கள். நீராவி இஞ்சின் ஓட்ட லைசென்ஸ் உள்ளவர் ஒருவரும் உயிரோடு இல்லை. அவள் அறுபது வயதில் புத்தகமும் கையுமாக உட்கார்ந்தாள். பாயிலருக்கு அடியில் மல்லாந்து படுத்து ஒவ்வொரு ஆணியையும் தொட்டுப் பார்த்தாள். ஒன்றரை வருஷத்தில் லைசென்ஸ் வாங்கினாள்.

கரி தள்ள ஆள் வேண்டுமே? வீட்டிலேயே இருந்தார். அவள் புருஷன் முப்பது வருஷம் பேக்கரியில் விறகு அடுப்போடு மல்லுக்கட்டியவர். ரொட்டிக்காரர் என்றுதான் தெருவில் சொல்வார்கள். "அதுல ரொட்டி வேகும், இதுல தண்ணி வேகும், அவ்வளவுதானே" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். வீட்டில் அவள் அவரை 'என்னங்க' என்பாள். இஞ்சினில் ஏறிவிட்டால் அந்த மரியாதையெல்லாம் படியோடு சரி. "ஃபயர்மேன், இடது பக்கம் போடு!" அவரும் அவளை 'டிரைவர்' என்றுதான் கூப்பிட வேண்டும். ஒரு தடவை வாய் தவறி, "கொஞ்சம் மெதுவாப் போயேம்மா" என்றுவிட்டார். ஸ்டேஷன் வரும்வரை அவள் அவரோடு பேசவில்லை.

மூன்று வருஷம் நிம்மதியாக ஓடியது. கீழ் ஸ்டேஷனிலிருந்து ஏரிக்கரை ஸ்டேஷன் வரை இருபத்தாறு கிலோமீட்டர். கடைசி நாலு கிலோமீட்டர் மேடு. ஆறு பெட்டிகளை இழுத்துக்கொண்டு இஞ்சின் முக்கி முனகி ஏறும். ஜனங்கள் ஜன்னல் வழியே தலையை நீட்டி, கண்ணில் கரித்தூள் விழ, கைதட்டுவார்கள்.

பிறகு புது மேலாளர் வந்தார். அதற்கு முன் ஹோட்டல் நடத்தியவர். கெட்டவர் இல்லை, எதையும் பூசி மெழுகிவிடலாம் என்று நம்புகிற மனுஷன். டிக்கெட் கிடைக்காமல் பாதிப் பேர் திரும்பிப் போகிறார்கள், அதனால் எட்டுப் பெட்டி மாட்டலாம் என்றார். அவள் சரி என்றாள். எட்டை இந்தக் கிழம் இழுக்காது, பின்னால் ஒரு டீசல் இஞ்சின் வைத்துத் தள்ளிவிடலாம் என்றார்.

"முடியாது" என்றாள்.

"பயணிகளுக்குத் தெரியவா போகுது? அவங்களுக்கு வேண்டியது புகையும் விசிலும்."

"அவங்க நம்பி ஏறுறாங்க சார். இந்த இஞ்சின் இழுக்குதுன்னு நம்பித்தான் ஏறுறாங்க. பின்னாடி இருந்து ஒருத்தன் தள்ளுறான், முன்னாடி நான் விசில் ஊதிட்டு நிக்கணுமா? அதுக்கு ஒரு பொம்மையை நிறுத்துங்க."

இழுபறி ஒரு வாரம் நடந்து, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். நீண்ட விடுமுறையின் முதல் நாள் வண்டி எட்டுப் பெட்டியோடு, துணை இல்லாமல் மேடேறினால், டீசல் பேச்சு அத்தோடு முடிந்தது. ஏறாவிட்டால் அன்றிலிருந்து வண்டியை டீசல்தான் ஓட்டும். நீராவி இஞ்சினில் எண்ணெய்த் துணியைக் கொளுத்திப் புகை மட்டும் விடுவார்கள். "அதாவது நெருப்பு பாயிலருக்கு இல்ல, போட்டோவுக்கு" என்றார் ரொட்டிக்காரர். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

அன்று காலை பிளாட்பாரத்தில் கால் வைக்க இடமில்லை. அவள் எண்ணெய் கேனோடு சக்கரங்களுக்கு நடுவே குனிந்திருந்தாள். நிமிர்ந்தபோது வண்டியின் கார்டு, பெட்டிக் கணக்குச் சீட்டை நீட்டினார். எட்டுப் பெட்டி, ஒரு சாமான் வண்டி.

"இது எங்கிருந்து வந்துச்சு?"

"கூடை, மடக்கு நாற்காலி எல்லாம் ஏத்தணுமாம்மா. உள்ள ஜெனரேட்டர் வேற ஓடுது, ஐஸ் பெட்டிக்காம். கதவைப் பூட்டி வச்சிருக்காங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. எட்டு என்று பேசிவிட்டு ஒன்பதாக்குகிறார்களா? கவிழ்க்கப் பார்க்கிறார்கள் என்று நினைத்தாள். வேறு ஒருவராக இருந்தால் சண்டை போட்டிருப்பார். அவளுக்கு வீம்பு. "இருக்கட்டும். அதையும் சேர்த்து இழுக்கறேன்" என்று விசிலைப் பிடித்து இழுத்தாள்.

சமதளம் முழுக்கக் குறையில்லாமல் வந்தது. மேடு தொடங்கும் இடத்தில் ஒரு வளைவு. அங்கே அவள் நீராவியை முழுசாகத் திறந்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் புகைபோக்கி நாலு தடவை இருமும். மேட்டில் அந்த இருமல் நெஞ்சைப் பிளக்கிற மாதிரி இருக்க வேண்டும். ஆறு பெட்டிக்கே அப்படித்தான் இருமும். இன்று ஒன்பது. ஆனால் இஞ்சின் தொண்டையைச் செருமுவதுபோல் மெல்ல இருமிக்கொண்டு போனது.

"டிரைவர்" என்றார் ரொட்டிக்காரர், நெருப்புப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே. "அடுப்பு இழுக்கல."

"என்னது?"

"பாரம் இருந்தா புகைபோக்கி காத்தை வாங்கும், நெருப்பு வெள்ளையா எரியும். இது சும்மா மினுக்கிட்டு இருக்கு. பிரஷர் இறங்கவே இல்ல. ரொட்டி வைக்காத அடுப்பு மாதிரி இருக்கு."

அவள் மீட்டரைப் பார்த்தாள். முள் உச்சியில் நின்றது. நீராவியைப் பாதி மூடினாள். வேகம் குறையவில்லை. முழுசாக மூடினாள். நீராவியே இல்லாமல், ஒன்பது வண்டியும் இஞ்சினும், அந்தச் செங்குத்து மேட்டில் ஜம்மென்று ஏறிக்கொண்டிருந்தன.

அவளுக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. பிரேக்கைப் போட்டாள்.

வண்டி நின்றதும் நானூறு தலைகள் ஜன்னலுக்கு வெளியே வந்தன. அவள் கீழே இறங்கி, ஜல்லிக்கல் சறுக்கச் சறுக்க, கடைசிவரை நடந்தாள். சாமான் வண்டியின் பலகைச் சுவரில் கையை வைத்தாள். அதிர்ந்தது. இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்த இடத்தில் உணர்ந்த அதிர்வு அவளுக்குத் தெரியாதா? ஜெனரேட்டராம்! டீசல் இஞ்சினைச் சுற்றிப் பலகை அடித்து, பெட்டிகளுக்கு அடித்த அதே பச்சை பெயிண்ட்டை அடித்திருந்தார்கள்.

"கதவைத் திற" என்றாள்.

திறந்தவன் அவள் கொழுந்தன். ரொட்டிக்காரரின் தம்பி, அதே ஷெட்டில் டீசல் டிரைவர். அவள் கல்யாணமாகி வந்தபோது அவனுக்கு எட்டு வயசு. அவள் கையால் சோறு தின்று வளர்ந்தவன். கையும் களவுமாகப் பிடிபட்டவன் திருதிருவென்று விழித்தான்.

"அண்ணி... மேலாளர் சொன்னாரு. பின்னாடி இருந்து மெதுவாத் தள்ளு, அவங்களுக்கே தெரியாதுன்னாரு. உங்களை மாதிரி முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல அண்ணி."

அவளுக்கு வலித்தது. ஊரே ஏமாற்றியிருந்தாலும் இவ்வளவு வலித்திருக்காது. ஆனால் அழுவதற்கு அது இடமில்லை.

அதற்குள் கடைசிப் பெட்டியிலிருந்து மேலாளர் இறங்கி ஓடி வந்தார். கையில் வாக்கி டாக்கி. "உங்க நல்லதுக்குத்தாம்மா செஞ்சேன்! நடுவுல நின்னுட்டா மானம் போயிடுமேன்னு..."

"யாரு மானம்?"

"சரி, ஆனது ஆச்சு. இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தான். பேசாம வண்டியை எடுங்க. மேலே போய்ப் பேசிக்கலாம்."

"முடியாது. கழட்டுங்க இதை."

"மேட்டுல நிக்குது! இங்கிருந்து எப்படிக் கிளப்புவீங்க? ஓடி வர்ற வேகமும் இல்ல!"

அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. ஓடுகிற வண்டியை மேடேற்றுவது ஒன்று. மேட்டில் நின்ற வண்டியை அசைப்பது வேறு. தோற்றால் இஞ்சினுக்கு எண்ணெய்த் துணிதான். அவளுக்கு அது மேலாளரைவிட நன்றாகத் தெரியும். பேசாமல் போனால் ஊரறிய ஜெயித்த மாதிரி இருக்கும். உள்ளுக்குள் அவளுக்கும் இஞ்சினுக்கும் மட்டும் தெரியும். அந்த ஜெயிப்பு அவளுக்கு வேண்டாம்.

கார்டிடம் திரும்பினாள். "பின்னாடி இஞ்சின் இருந்தா டிரைவருக்கு எழுதித் தரணும். தந்தீங்களா?"

கார்டின் முகம் தொங்கிப்போயிற்று. "எனக்கே தெரியாதும்மா. என் கண்ணுலயும் மண்ணைத் தூவிட்டாங்க." பிறகு கோபம் வந்து, தானே பெட்டிகளின் கைபிரேக்குகளைத் திருகிவிட்டு, கொக்கியைக் கழற்றக் குனிந்தார். "எழுதாத இஞ்சின் என் வண்டியில வராது சார்" என்றார் மேலாளரைப் பார்த்து.

விஷயம் பெட்டி பெட்டியாகப் பரவியது. சிலர் கத்தினார்கள், சிலர் சிரித்தார்கள். ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "பாரம் குறையட்டும், நாங்க இறங்கி நடக்கறோமே?" என்று கேட்டாள்.

"வேண்டாம்மா. ஒருத்தரும் இறங்கக் கூடாது. நிறைஞ்ச பெட்டின்னா நிறைஞ்ச பெட்டிதான்."

அவள் திரும்பி வந்து ஏறியபோது இஞ்சினின் தலையில் வால்வு திறந்து 'உஸ்ஸ்' என்று சீறிக்கொண்டிருந்தது. ரொட்டிக்காரர் முகமெல்லாம் கரி. "நீங்க அங்க சண்டை போட்ட கால் மணி நேரமும் நான் இங்க சும்மா இருக்கல டிரைவர். நெருப்பை மூலை முடுக்கெல்லாம் நிரவி விட்டிருக்கேன். இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருந்தாலும் நல்லதுதான்."

"தள்ளுனது உன் தம்பி."

அவர் ஒரு மண்வெட்டி கரியை அள்ளி ஓங்கி வீசினார். "நீங்க வண்டியை எடுங்க" என்றார்.

கார்டு கைபிரேக்குகளைத் தளர்த்திவிட்டுப் பச்சைக் கொடி காட்டினார். சக்கரம் வழுக்காமலிருக்க மணலைத் தண்டவாளத்தில் விட்டு, பிரேக்கைத் தளர்த்தி, நீராவியைத் திறந்தாள். சக்கரங்கள் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுழன்றன. வண்டி ஒரு சாண் பின்னால் நழுவியது. எங்கோ ஒரு குழந்தை வீறிட்டது. சட்டென்று மூடிப் பிரேக்கைப் பிடித்தாள். மறுபடி மணல். இந்தத் தடவை இழை இழையாகத் திறந்தாள். ஒரு இருமல். வெகுநேரம் கழித்து இன்னொன்று. ரொட்டிக்காரர் நெருப்பைப் பார்த்துக்கொண்டே, "இழுக்குது... அடுப்பு இழுக்குது!" என்று கத்தினார். மூன்றாவது இருமலில் மலையே அதிர்ந்தது. முதல் பெட்டி அசைந்தது, அதன் பின்னால் ஏழும் அசைந்தன.

அந்த இரண்டு கிலோமீட்டருக்கு இருபது நிமிஷம் ஆயிற்று. நடந்து போகிறவன்கூட முந்திக்கொண்டு போயிருப்பான். அவளுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. ஏரிக்கரை ஸ்டேஷனில் வண்டியை நிறுத்தி, நீராவியை மூடி, சுவரில் சாய்ந்தாள்.

"என்னங்க, கொஞ்சம் தண்ணி குடுங்க."

"இன்னும் இஞ்சின்லதான் இருக்கோம்" என்றார் அவர். சொல்லிவிட்டு, தன் பாட்டிலைத் திறந்து அவள் வாயருகே பிடித்தார்.

பயணிகள் இறங்கி இஞ்சினைச் சூழ்ந்துகொண்டிருந்தபோது, கீழே மேட்டில் ஒரு சாமான் வண்டி தெரிந்தது. முன்னால் ஒன்றுமில்லை, பின்னாலும் ஒன்றுமில்லை. பச்சை பெயிண்ட் பளபளக்க, கதவைப் பூட்டிக்கொண்டு, அது பாட்டுக்குத் தானாக மலையேறி வந்துகொண்டிருந்தது. பிளாட்பாரமே விழுந்து விழுந்து சிரித்தது. மேலாளரின் முகத்தில் ஈயாடவில்லை.

அவள் சிரிக்கவில்லை. கொழுந்தன் இறங்கி வந்து தலைகுனிந்து நின்றான். "அந்தப் பலகையெல்லாம் பிச்சுப் போடு" என்றாள். "டீசலுக்கு என்ன கேவலம்? இத்தனை வருஷம் அதுலதான் நானும் சோறு தின்னேன். தள்ளணும்னா டீசலா வந்து, எங்கிட்ட சொல்லிட்டுத் தள்ளு. இப்படி ஒளிஞ்சுக்கிட்டு வராத."

அவன் தலையை ஆட்டினான். ரொட்டிக்காரர் கரிக் கையால் தம்பியின் தலையில் ஒரு குட்டு வைத்தார்.

ஸ்டேஷன் மாஸ்டர் பதிவேட்டை நீட்டினார். தாமதமானால் டிரைவர் தன் கையால் காரணம் எழுத வேண்டும். அவள் எழுதினாள்: 'தாமதம் நாற்பத்தொரு நிமிடம். காரணம், கேட்காத உதவி.' பக்கத்திலேயே 'துணை இஞ்சின்' என்ற கட்டத்தில் 'மேட்டின் பாதியில் கழற்றப்பட்டது. மீதி, நிறைந்த எட்டுப் பெட்டியோடு தனியாக' என்று எழுதினாள். கார்டும் ஸ்டேஷன் மாஸ்டரும் அதன் கீழே கையெழுத்துப் போட்டார்கள்.

மேலாளர் அதைப் படித்துவிட்டு வெளியே வந்தார். இனி அவளிடம் பேசிப் பயனில்லை என்று அவருக்கே புரிந்திருக்க வேண்டும். பலகையைப் பிடுங்கிக்கொண்டிருந்த கொழுந்தனின் தோளில் கை போட்டு, காதும் காதும் வைத்தாற்போல் சொன்னார்: "தம்பி, அதைப் பிரிக்காத. நாளைக்கு வண்டிக்கும் வேணும். வெள்ளனே வந்து மாட்டிடு, அவங்களுக்குத் தெரிய வேணாம்."

கொழுந்தன் நிமிர்ந்தான். இஞ்சின் பக்கம் பார்த்தான். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு எண்ணெய் கேனோடு குனிந்திருந்தாள். அவளுக்கு இது எதுவும் கேட்டிருக்காது.

"முடியாது சார்" என்றான்.