பிஸ்கட்டின் ஓட்டில் விழுந்த பள்ளம்

ஆஸ்திரேலியாவின் எச்சூக்கா ஊரில் லாரி மெக்கானிக்காக இருக்கும் மெர்வ் பாஸ்கோவுக்கு நாற்றம் புதிதல்ல. நீள்கழுத்து ஆமையைத் தூக்கினால் அது பயத்தில் நாறும் என்பதும் தெரியும். மகள் ப்ரான்வின் வேலைக்காக பெர்த் போனபோது தான் வளர்த்த பிஸ்கட் என்ற அந்த வகை ஆமையை அவரிடம் விட்டுப்போய் ஒன்றரை வருடமாகிறது. அதனால் தொட்டி கழுவ அதை எடுத்தபோது அடித்த வாடையை அவர் பெரிதாக நினைக்கவில்லை. ஓட்டில் வெள்ளையாக ஒரு திட்டு. பழைய செதில் உரிகிறது போலும் என்று கட்டைவிரலால் அழுத்தினார். விரல் அமுங்கியது.

மறுநாள் வேலைக்கு லீவு சொன்னார். பியர் வைக்கிற ஐஸ்பெட்டியில் துண்டு விரித்து, பிஸ்கட்டை அதில் வைத்து, கால்நடை மருத்துவர் இல்ஸாவிடம் கொண்டுபோனார். இல்ஸா மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, அழுகிய இடத்தைக் கத்தியால் சுரண்டி எடுத்தார். மெர்வ் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தொட்டி விளக்க எப்ப மாத்தினீங்க?"

"எதுக்கு மாத்தணும்? நல்லாத்தானே எரியுது."

"எரியும். ஆமைக்கு வேண்டிய புற ஊதாக் கதிர் ஒரு வருஷத்துக்குள்ள தீர்ந்துடும். தண்ணியும் அழுக்கா இருந்திருக்கு. ரெண்டும் சேர்ந்துதான் இப்படி."

ஊரார் வண்டிகளுக்கெல்லாம் உரிய நாள் தவறாமல் ஆயில் மாற்றுகிற மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது.

அன்று முதல் பிஸ்கட்டுக்கு உலர்ந்த பிளாஸ்டிக் தொட்டியில் புது விளக்கின் அடியில் வாசம். தினமும் ஒரு மணி நேரம் மட்டும் சுத்தமான தண்ணீர். அதற்குள் தின்று குடித்துவிட வேண்டும். பிறகு மெர்வ் அயோடின் மருந்தைப் பால் விடாத டீ நிறத்துக்குக் கலக்கி, குழந்தைகளின் பல்துலக்கியால் புண்ணை மெல்லத் துலக்கி, ஒற்றி, காயவிட்டு, களிம்பு தடவுவார்.

பக்கத்து வீட்டு கெவ் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். "என்னய்யா, அதுக்குப் பல்லு விளக்கி விடுறியா?"

"உனக்கும் விளக்கி விடவா? வாய அடக்கிட்டுப் போ."

பத்தாம் நாள்தான் மகளுக்குப் போன் போடத் தைரியம் வந்தது. ஒன்றும் மறைக்காமல் சொன்னார். "என் தப்புதான்மா. விளக்க மாத்தணும்னு எனக்குத் தெரியல."

ப்ரான்வின் மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, நான் இருந்தப்பவே நாலு வருஷமா அத மாத்தலப்பா. எனக்கும் தெரியாது."

மெர்வுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. அரை மணி நேரம் பேசினார்கள். கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவர்கள் அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான்.

ஆறாவது வாரம் இல்ஸா அழுத்திப் பார்த்தார். ஓடு கெட்டிப்பட்டிருந்தது. "பள்ளம் அப்படியேதான் இருக்கும். ஆனா புண்ணு ஆறிடுச்சு. தண்ணியில விடலாம்."

கழுவிய தொட்டியில் மெர்வ் அதை இறக்கிவிட்டார். பிஸ்கட் நேரே அடிக்குப் போய், ஒரு கல்லுக்கடியில் கழுத்தை மடக்கி வைத்துக்கொண்டது. அவர் போட்ட இறாலை அன்று சீண்டவில்லை. மறுநாள் காலை தின்றிருந்தது.