டாக்டருக்காக நேர்ந்த கிடா

தேவிப்ரியா பி.காம். முடித்தவள் என்பது எருமப்பட்டிப் பக்கம் பலருக்கு மறந்தே போய்விட்டது. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் ஏசியில் உட்கார்ந்து சளி பிடித்ததுதான் மிச்சம் என்று ஊர் திரும்பி, மேச்சேரிச் செம்மறி வளர்க்கத் தொடங்கினாள். வட்டார இளம் விவசாயிகள் சங்கத்துக்கு அவள்தான் செயலாளர். மதன் தலைவர். தலைவர் என்றால் மாலை வாங்கிக்கொள்கிறவர். மனு எழுதுவது, ஆள் திரட்டுவது, கலெக்டர் ஆபீஸ் படியேறுவது எல்லாம் இவள் தலையில்.

சங்கத்துக்கு ஒரே கோரிக்கை. ஊரில் கால்நடை மருந்தகம் இருந்தது, உட்கார டாக்டர் இல்லை. போன மழைக்கு ஆட்டுக்கொல்லி நோய் வந்தபோது, அடுத்த ஊர் டாக்டர் வந்து சேர்வதற்குள் அவள் பட்டியில் பாதி காலி. அன்றைக்கு அழுத அழுகை அவளுக்கு இன்னும் ஆறவில்லை. பிழைத்ததில் ஒன்று கட்டையன் என்ற கிடா. சுற்றுவட்டாரத்தில் அதன் குட்டி இல்லாத பட்டி கிடையாது. தேவிப்ரியா சாப்பிட உட்கார்ந்தால் அதுவும் வந்து தட்டில் மூக்கை நீட்டும்.

தை மாதம் சங்கம் ஒரு ஆட்டுக் கண்காட்சி நடத்தி, துறை அதிகாரியை அழைத்தது. அவர் வண்டியை விட்டு இறங்கியதுமே, கட்டையனைக் கையில் பிடித்தபடி தேவிப்ரியா கேட்டுவிட்டாள்.

"எங்க ஊருக்கு ஒரு டாக்டர் வேணுங்க."

அவர் பதில் சொல்வதற்குள் தலைவர் மதன் வரவேற்கிற உற்சாகத்தில் பன்னீர்ச் செம்பை உதறினார். அதிகாரி சட்டையில் நாலு சொட்டு, மீதியெல்லாம் கட்டையன் மேல். கிடா தலை முதல் வால் வரை ஒரு சிலுப்புச் சிலுப்பியது.

போதாதா? அந்தப் பக்கத்தில் கோயிலுக்குக் கிடா வெட்டுமுன் தண்ணீர் தெளித்துக் காத்திருப்பார்கள். உடம்பைச் சிலுப்பினால் கிடா துளுக்கிவிட்டது, சாமி கிடாவை ஏற்றுக்கொண்டு வேண்டுதலுக்குச் சம்மதித்துவிட்டது என்று அர்த்தம். கருப்பண்ணார் கோயில் பெரியவர் சின்னுசாமி கூட்டத்திலிருந்து கும்பிட்டபடி எழுந்தார்.

"கெடா துளுக்கிருச்சு! டாக்டர் வந்தாச்சுங்க!"

ஊரே கைதட்டியது. தனக்குத்தான் என்று நினைத்த அதிகாரியும் கும்பிட்டுவிட்டு, சாப்பிட்டுக் கிளம்பிப் போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை விவசாயிகள் குறைதீர்க் கூட்டத்துக்கு நாமக்கல் போக ஒரு ஆள்கூட வரவில்லை. சாமியே சொன்ன பிறகு மனு எதற்காம். தேவிப்ரியாவுக்கு வந்த கோபத்தில் மதன் ரெண்டு நாள் அவள் கண்ணில் படாமல் திரிந்தார். இது போதாதென்று சின்னுசாமி வேறு வீடு தேடி வந்துவிட்டார்.

"கெடாவ எப்ப கோயிலுக்கு உடற அம்மிணி? சாமி கடன், இழுக்கக் கூடாது."

வெறும் பன்னீர் என்று சொல்ல வாயெடுத்தவள், சட்டென்று மாற்றிக்கொண்டாள்.

"உடறனுங்க பெரிப்பா. டாக்டர் வந்து மருந்தகத்துல உக்காரட்டும், மக்யா நாளே உடறன். வேலைய முடிக்காம சாமி கூலி வாங்குமுங்களா?"

அரசாங்கமாவது, சீக்கிரம் டாக்டர் அனுப்புவதாவது! கிடா தப்பித்தது என்றுதான் அவள் நினைத்தாள். கிடாவெட்டுக் கறிச்சோற்றின் பலம் அந்தப் பொண்ணுக்குத் தெரியவில்லை. அடுத்த மாதம் சின்னுசாமியே வேன் பேசினார். சங்கம் என்றாலே முகம் சுளித்த பெரிசுகள்கூட கலெக்டர் ஆபீசில் மைக்கைப் பிடுங்கி டாக்டர் கேட்டார்கள். மாதாமாதம் கூட்டம் பெருத்தது. மேடையில் இருந்த அதிகாரிகளுக்கே இவர்களைப் பார்த்தால் அலுப்புத் தட்டியது. தேவிப்ரியாவுக்குப் பூரிப்பாகத்தான் இருந்தது, ஆனால் ஊர் திரும்பியதும் முதல் வேலையாகப் பட்டிக்குப் போய்க் கட்டையனைத் தடவிக்கொடுத்தாள்.

ஆடி பிறந்ததும் இர்பானா என்ற டாக்டர் சேலத்திலிருந்து வந்து மருந்தகத்தைத் திறந்தார். முதல் நாளே வாசலில் ஆடும் மாடுமாகத் திருவிழா.

"வேற கெடா வாங்கிக் குடுத்தரலாமா?" என்று மதன் மெதுவாகக் கேட்டார்.

"சொன்ன சொல்ல மாத்துனா, நாளைக்கு நாம கூப்புட்டா எவன் வேன்ல ஏறுவான்?"

மறுநாள் அவளே கட்டையனைக் கோயிலுக்கு ஓட்டிப் போனாள். மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். கிடா அசையாமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றது. மறுபடி தெளித்தார்கள், மறுபடியும். வெயில் ஏறியது. சின்னுசாமிக்கே மனசு இளகிவிட்டது.

"சாமிக்கு இஷ்டமில்ல போல. ஓட்டீட்டுப் போ அம்மிணி."

அவள் கால் திரும்பத்தான் திரும்பியது. ஆனால் பின்னால் முணுமுணுப்புக் கிளம்பிவிட்டது. சாமி கூலி வேண்டாமென்றால் டாக்டரும் நிலைக்க மாட்டாரோ, இவ்வளவு அலைந்ததும் வீண்தானோ என்று. இனி இவர்கள் எதற்கும் நாமக்கல் வரமாட்டார்கள் என்பது அவளுக்குப் புரிந்தது.

காதுக்குள் தண்ணீர் போனால் எந்த ஆடும் சிலுப்பாமல் இருக்காது. ஆடு வளர்க்கிற அத்தனை பேருக்கும் அது தெரியும், சின்னுசாமிக்கும் தெரியும். தேவிப்ரியா செம்பை வாங்கினாள். கட்டையன் பழக்கத்தில் அவள் கையை மோந்தது. அதன் காதைத் தூக்கிப் பிடித்து ஊற்றினாள். கிடா உடம்பு முழுக்கச் சிலுப்பியது, ஊர் குலவையிட்டது. அவள் வேப்பமரத்துக்குப் பின்னால் போய், யார் பார்த்தால் என்ன என்று வாய்விட்டு அழுதாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஆட்டுச்சந்தைக்குக் கொட்டகை கேட்க ஒரு வேன் போதாமல் இரண்டாவது வேன் பிடிக்க வேண்டியிருந்தது. தேவிப்ரியா மனுவை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். வழியில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தவள், கட்டையனுக்கு என்று பழக்கத்தில் ஒரு வாய் ஒதுக்கி வைத்தாள்.