சீன வைத்தியர் கேட்டதும் நான் அம்மாவிடம் சொன்னதும்

இதை நம் குழுவுக்கு வெளியே யாருக்கும் காட்டாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். ஸ்க்ரீன்ஷாட்டும் வேண்டாம். பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் என் அம்மாவைத் தெரியாத கடையே இல்லை.

காலையில் என்னால் எழும்ப முடியவில்லை என்று அம்மா இன்று ஒரு சீன வைத்தியரிடம் கூட்டிப் போனார். அம்மாவுக்குப் பிரெஞ்சு போதாது. என் வருத்தத்துக்கு நானே மொழிபெயர்ப்பாளர்.

வைத்தியர் மூன்று விரலால் நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார்.

"மண்ணீரல் களைத்துவிட்டது. காலையில் உடம்பை எழுப்புவது அதுதான். கோபத்தையும் விழுங்குகிறாள், கல்லீரல் இறுகிக் கிடக்கிறது. இரவில் இவளைத் தூங்கவிடாதது யார்?"

யாரென்று எனக்குத் தெரியும். மாமா. நான் படுக்கும் சாலோனில், அதாவது வீட்டின் முன்னறையில் இருந்துகொண்டு நடுச்சாமத்தில் கனடாவில் இருக்கும் மாமியோடு ஃபோனில் கத்துகிறார். அங்கே அப்போது பின்னேரமாம். அம்மாவின் ஒரே தம்பி. அவரைப் பற்றி ஒரு சொல் சொன்னால் வீடு இரண்டுபடும்.

"என்னவாம்?" என்றார் அம்மா.

"குளிர்ச் சாப்பாடு கூடாதாம்."

"நான் எத்தினை தரம் சொன்னனான், ஐஸ்கிறீம் தின்னாதை எண்டு!"

வைத்தியர் என்னையே பார்த்தார். அவர் கேட்டதை வீட்டில் ஒருவராவது கேட்டிருக்கிறார்களா? எல்லாரும் என்னைச் சோம்பேறி என்றுதான் சொல்கிறார்கள். எனக்குப் பற்றி எரிகிறது.

இப்போது குளியலறையைப் பூட்டிக்கொண்டு எழுதுகிறேன். அடுத்த கிழமையும் அவரிடம் போக வேண்டும். நீங்களும் வீட்டுக்கு மொழிபெயர்க்கிறவர்கள்தானே, சொல்லுங்கள், அந்தக் கேள்வியை நான் அம்மாவிடம் எப்படி…

மாமா கதவைத் தட்டுகிறார்.

"பிள்ளை, கெதியா வெளியிலை வா. கனடா மாமி உன்னோடை கதைக்கோணுமாம்!"